உள்ளே போகாத சக்கரம்

அப்பாவைப் புதைத்துவிட்டு நான் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், விமானத்தின் சக்கரம் இறக்கைக்குள் போகவில்லை. இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. அப்பா இருந்தபோது இரண்டும் போயிருந்தன. நானே கைப்பிடியைச் சுற்றி ஏற்றி, நானே டார்ச் அடித்து உள்ளே பார்த்திருந்தேன்.

விமானம் என்று சொன்னால் சேலத்தில் என்னோடு படித்தவர்களே நம்பவில்லை. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்குப் போகும் பாதையில் ஒரு காபி எஸ்டேட். அதன் ஸ்டோரில், மூட்டை அடுக்க வேண்டிய இடத்தில், எங்கள் முதலாளி சொந்தமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரக்கூடியது. மரச்சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் துணி. இளவயதில் மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றவர் அவர். வயதான பிறகு காபியைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரைபடங்களைத் தபாலில் வரவழைத்து இதில் இறங்கினார். மலையில் ஓடுபாதை கிடையாது. கட்டி முடித்ததும் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கீழே சமவெளிக்கு இறக்குவதாகத் திட்டம்.

நான் அந்த எஸ்டேட்டில் நிழல்மரங்களுக்குக் கிளை கழிக்கிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். மிஷன் பள்ளியில் படித்து, சேலத்தில் விடுதியில் தங்கி மெக்கானிகல் டிப்ளமா முடித்தேன். வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. வரைபடத்தில் முதல் மதிப்பெண் எனக்கு. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சான்றிதழோடு மலையேறி வந்த வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

“இது என்னன்னு சொல்லு பாக்கலாம், கண்ணு.”

“இறக்கையோட வெட்டுத் தோற்றமுங்க ஐயா. தலைகீழா விரிச்சிருக்கீங்க.”

அவர் வரைபடத்தைத் திருப்பிப் போட்டார். மறுநாளிலிருந்து நான் அங்கே வேலை செய்தேன். எஸ்டேட் ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், என் பேர் இல்லை. அது அவருடைய சொந்த வேலை, சம்பளமும் அவர் கையிலிருந்து. அங்குலக் கணக்கை மில்லிமீட்டராக்குவது, ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து ஓரத்தில் கையெழுத்துப் போடுவது, அடிவாரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குக்குச் செய்யவேண்டியதை விளக்கிச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. மெக்கானிக் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸேறி மேலே வருவார். என்னை “அம்மணி” என்று கூப்பிடுவார். லாரியில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. விமானத்தை ‘இறக்கை வெச்ச வண்டி’ என்பார்.

சக்கர ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். அந்த விமானத்துக்குப் பறக்கும்போது சக்கரங்கள் வெளியே தொங்காது. ஓட்டுபவர் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு கால்களும் உள்பக்கமாக மடியும். சக்கரம் தட்டைக் கவிழ்த்தது போலப் படுத்து, இறக்கையின் அடிவயிற்றில் உள்ள பெட்டிக்குள் போய்விடும். ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். கதவு மூடும். பெட்டிக்கு மேலே, இறக்கை நெடுக, ஒரு பெரிய கட்டை ஓடுகிறது. விமானத்தின் முழு எடையையும் அதுதான் தாங்குகிறது. நாங்கள் அதை முதுகுக் கட்டை என்போம். சக்கரம் முழுக்க மேலே போய்ப் படுத்ததும் டயருக்கும் முதுகுக் கட்டைக்கும் நடுவே இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி இருக்க வேண்டும். நான் முன்பு பார்த்தபோது இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் அப்பா சவுக்கு மரத்திலிருந்து விழுந்தார். நாங்கள் மலையில் சவுக்கு என்று சொல்வது காபிக்கு நிழலுக்காக வைக்கும் உயரமான மரத்தை. பட்டை ஈரமாக இருந்தது என்றார்கள். நான் ஸ்டோரில் இருந்தேன். ஆட்கள் வந்து கூப்பிட்டபோது கையில் இருந்த அளவுகோலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது. மாதா கோயில் கல்லறையில் மண் போட்டார்கள். மண் போடும்போது என் முறை வந்ததும் போட்டேன். பிறகு வந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, ஆனால் கொடுத்ததைச் சாப்பிட்டேன்.

ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் துக்கம் கேட்க வந்தார். வாசலில் குடையை மடக்கிவிட்டு நின்றபடியே பேசினார்.

“தப்பா நெனச்சுக்காத சாமி. நீங்க இருக்கற லைன் ஊடு ரோல்ல பேர் இருக்கறவங்களுக்குத்தான். காபிப் பறிப்புக்கு ஆளுக வந்தா ஊடு கேப்பாங்க. அம்மாவை மறுபடி ரோல்ல ஏத்தலாமா?”

அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு. மூடுபனி இறங்கினால் நாலு எட்டு நடக்க முடியாது. அதனால்தான் அவள் பேரை எடுத்திருந்தார்கள். ரைட்டருக்கும் அது தெரியும். அவர் கேட்டது மரியாதைக்கு.

நான் முதலாளியிடம் போனேன். என்னை ரோலில் ஏற்றச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பிக ஸ்டோரைக் காலி பண்ணச் சொல்றாங்க கண்ணு. இது வெளையாட்டுச் சாமான்னு பேசறாங்க. பறிப்பு வர்றதுக்குள்ள மெட்ராஸ்ல இருந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. சக்கரம் ஒழுங்கா ஏறி எறங்குதுன்னு அவர் கையெழுத்துப் போட்டா, இது நெசப் பிளேனு. அப்ப நான் உன்னைத் தைரியமா ரோல்ல ஏத்திருவேன், ஒருத்தன் கேக்க முடியாது. போடலைன்னா ஸ்டோர் காபிக்குப் போயிரும். உன்னை எங்க வெக்கறது?”

“சரிங்க” என்றேன். சக்கரம் ஏறி இறங்கியதை நான் பார்த்திருந்ததால், வீடு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். விமானம் முக்காலிகளின்மேல் நின்றது. நான் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கால் மடிந்தது. சக்கரம் பெட்டிக்குள் நுழைந்தது. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடி நின்றது. கொக்கி ஒரு நூல் தள்ளிக் காற்றில் நின்றது.

“இன்னும் கொஞ்சம் இழுக்கட்டுமா அம்மணி? லேசா முக்குனா போயிரும்.”

“வேண்டாங்ணா. இறக்குங்க.”

இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினோம். வலது பக்கமும் அதே சத்தம். முதலாளி நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருந்திருக்கும். நான் காலின் கீலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். கீல் சரி. காலின் நீளம் சரி. பெட்டியின் ஆழம் சரி. முக்காலிகள் இறக்கையை வளைக்கின்றனவோ என்று அவற்றை நகர்த்தி வைத்துப் பார்த்தோம். மழையில் மரம் ஊதியிருக்குமோ என்று முதுகுக் கட்டையைக் காலிப்பரால் அளந்தேன். ஊதியிருந்தது, ஒரு காகிதத்தின் கனம். அதனால் இல்லை.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். “ஏறுச்சா?” என்பாள். “இல்லை” என்பேன்.

மூன்றாம் நாள் எங்கே தட்டுகிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ள டயரில் ஏதாவது பூச வேண்டும் என்று தோன்றியது. ஸ்டோர் வாசலில் களை வெட்டும் பெண்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கேட்டேன்.

“எதுக்குடி, ஏரோப்ளேனு வெத்தல போடுதா?” என்றாள் ஒருத்தி.

“வாய் செவந்தா எங்களுக்கும் காட்டு கண்ணு” என்றாள் இன்னொருத்தி. டப்பாவோடு கொடுத்தார்கள்.

சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து டயரின் மேல்பக்கம் முழுக்கப் பூசினேன். ஏற்றி, தட்டியதும் இறக்கினோம். டார்ச்சை அடித்து முதுகுக் கட்டையின் அடியைப் பார்த்தேன். வெள்ளையாக அச்சு விழுந்திருந்தது. வளைந்து வளைந்து, பாம்பு ஊர்ந்தது போல, பட்டை பட்டையாக.

வரைபடத்தில் இந்த டயருக்கு நேர்க்கோடுகள் மட்டும்தான். சுற்றிலும் நாலு மெல்லிய பள்ளங்கள், அவ்வளவுதான். வளைவே கிடையாது. நான் அடியிலிருந்து வெளியே வந்து டயரைத் துணியால் துடைத்தேன். லாரி டயரில் இருப்பது போல ஆழமான பட்டன் வரிகள். பக்கவாட்டில் டயரின் தோள்பட்டை வரைக்கும் புது ரப்பர் ஏறி வழுவழுவென்று இருந்தது. இரண்டு நாளாக நான் இதைத் தொட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். கண்ணில் படவே இல்லை.

“ஏனுங்ணா, இந்த டயர்?”

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவர் போல எழுந்து வந்தார்.

“நீங்க துக்கத்துல இருந்தப்ப பேரிங் மாத்த வீலைக் கீழ கொண்டுபோனனுங்க. பாத்தா ரெண்டு டயரும் மொட்டையா இருக்குது. பட்டனே இல்ல. இத்தனை செலவு பண்ணிப் பிளேனு கட்டி, மொட்டை டயரைப் போட்டுட்டா ஆகாசத்துல போறது? நம்ம பையன் ஒருத்தன் சேலத்துல, தேஞ்ச டயருக்குப் புது ரப்பர் ஒட்டற ரீட்ரேடிங் கடை வெச்சிருக்கறான். நல்ல கம்பவுண்டா போட்டு, தோள் வரைக்கும் ஏத்திக் குடுடான்னேன். காசு வாங்கல அம்மணி. எந்நேரமும் பேசறீங்களே பிளேனு பிளேனுன்னு, நம்ம பங்குக்கு இருக்கட்டும்னு.”

விமான டயர் புதிதாக வரும்போதே அப்படித்தான் இருக்கும், ஓடுபாதையில் நேராக ஓடினால் போதும், சேற்றில் வளைந்து திரும்ப வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். அவர் டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்ப அது மொட்டை இல்லைங்களா?”

“இல்லைங்ணா. புதுசு.”

அவர் அப்படியே ஒரு பெயின்ட் டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டார். “அட ஏசப்பா” என்றார். அவர் முருக பக்தர். முதலாளி வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

புது ரப்பரைச் சுரண்டி எடுக்க முடியுமா என்று அன்றே ஒரு சக்கரத்தோடு கீழே போய்க் கேட்டுவந்தார். கொதிக்க வைத்து ஒட்டியது, உரித்தால் உள்ளே இருக்கும் நூல்துணியும் சேர்ந்து வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். வெளிநாட்டிலிருந்து வேறு டயர் வர மாதக்கணக்காகும். இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருகிறார்.

முதலாளி மெக்கானிக்கைத் திட்டவில்லை. சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கடுத்து அவர் சொன்னது பிடிக்கவில்லை. அவர் விமானத்துக்கு அடியில் குனிந்து, சுண்ணாம்பு அச்சு விழுந்த இடத்தை விரலால் தடவினார்.

“இந்த எடத்துல மட்டும் ரெண்டு நூல் செதுக்கிட்டா என்ன?”

“முதுகுக் கட்டையையா ஐயா?”

“எவ்வளவு பெரிய கட்டை! ரெண்டு நூல் போனா என்ன ஆயிரும்? மேல பெயின்ட் அடிச்சிட்டா மெட்ராஸ்காரனுக்கு என்ன தெரியப் போகுது? ஏனப்பா, உளி இருக்குதா?”

“இருக்குதுங்க” என்றார் மெக்கானிக். அவர் அன்றைக்கு எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அப்போது முதுகுக் கட்டையின் அடிப்பக்கம் இழுபடும். அந்தப் பக்கத்து மரநார் அறுபடாமல் முனையிலிருந்து முனை வரை ஓட வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் செதுக்கினால் கிழிசல் அங்கேதான் தொடங்கும். இதை நான் படித்திருந்தேன். முதலாளியும் படித்திருந்தார். அவர் அதை அப்போது நினைக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். நான் சொன்னேன். பாதி கேட்டார்.

“தெரியும் தெரியும். எல்லாக் கணக்குலயும் தாராளமாத்தான் வெச்சிருப்பாங்க.”

“நான் செதுக்க மாட்டேனுங்க.”

“நீ செதுக்க வேண்டாம். இவன் செதுக்கட்டும்.”

“செதுக்கினா அந்தத் தாள்ல என் கையெழுத்தை அடிச்சிருங்க ஐயா. இன்ஸ்பெக்டர் கேட்டா செதுக்கினதுன்னு சொல்லுவேன்.”

முதலாளி நிமிர்ந்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக எஸ்டேட்காரரைப் பார்த்தேன்.

“ஊடு வேண்டாமா உனக்கு?”

“வேணுமுங்க.”

“அப்பறம்?”

“அந்தக் கட்டையை நம்பி நீங்கதானே உக்காரப் போறீங்க.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். வீட்டை இழந்துவிட்டோம் என்று ஒரு வாக்கியம் மனசுக்குள் வந்தது. யாரோ எழுதி வைத்ததைப் படித்தது போல இருந்தது. மெக்கானிக் உளியைப் பைக்குள் வைத்துச் சணல் கயிற்றால் கட்டினார். “நானா எடுக்க மாட்டேனுங்க அம்மணி” என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். வீடு போனாலும் போகும் என்றேன். அம்மா கேட்டாள்: “செதுக்கினா அவுரு உளுந்துருவாரா?”

“இன்னைக்கே உளுவாருன்னு இல்லம்மா. ஒரு நாளைக்கு உடையும்.”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம் சாமி, உளுந்ததெல்லாம் போதும்” என்றாள்.

மறுநாள் காலை மெக்கானிக் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வேறு வேலை எதுவும் தோன்றாததால் மறுபடி அடியில் போய்ப் படுத்தேன். ஏற்றச் சொன்னேன். இந்தத் தடவை தட்டுவதற்கு முன்பே நிறுத்தச் சொன்னேன். டயருக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு நூல் கனமுள்ள பலகைத் துண்டைச் செருகிப் பார்த்தேன். தாராளமாகப் போய்வந்தது. அப்படியே கீழே பார்த்தேன். சக்கரம் இறக்கையின் வயிற்றுக்கு வெளியே கட்டைவிரல் அகலம் துருத்திக்கொண்டிருந்தது.

“அப்படியே புடிங்ணா.”

“கை வலிக்குது அம்மணி.”

“புடிங்க.”

கொக்கிதான் சக்கரத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது. சக்கரம் முழுக்க மறைய வேண்டும் என்று வரைந்தவர் நினைத்ததால் கொக்கி அவ்வளவு மேலே இருந்தது. கொக்கியைக் கீழே இறக்கிவிட்டால் சக்கரம் இங்கேயே நிற்கும். கதவில் டயர் துருத்தும் அளவுக்கு ஒரு வாய் வெட்ட வேண்டும். கதவு வெறும் பிளைவுட், எந்தச் சுமையும் தாங்குவதில்லை. முதுகுக் கட்டையைத் தொட வேண்டியதே இல்லை. விமானம் கொஞ்சம் வேகம் குறையும். பார்க்க அழகாக இருக்காது.

முதலாளி மதியம் வந்தார். நேற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடியில் குனிந்து பார்த்தார்.

“தொப்பை வெச்ச மாதிரி இருக்குது.”

“ஆமாங்க.”

“எல்லார்கிட்டயும் படம் காட்டி வெச்சிருக்கறேன் கண்ணு. வழவழன்னு இருக்கும், சக்கரமே தெரியாதுன்னு. இதைப் பாத்தா என் தம்பிக என்ன சொல்லுவாங்க?”

இறக்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெக்கானிக் முணுமுணுத்தார்: “தொப்பை இல்லாத ஆளு அந்த ஊட்டுல யாருங்க இருக்கறாங்க?”

முதலாளி திரும்பினார். மெக்கானிக் கீழே விழாத ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். முதலாளியின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

“செய்யுங்க” என்றார்.

கொக்கியைத் தாங்கும் இரும்புத் தகட்டைப் புதிதாக வரைந்தேன். அதில் இரண்டு வரிசைத் துளை போட்டேன். கீழ் வரிசை இந்த டயருக்கு, மேல் வரிசை என்றாவது சரியான டயர் வந்தால் அதற்கு. மெக்கானிக் அடிவாரத்தில் வெட்டித் துளையிட்டு மறுநாள் மூடுபனியோடு வந்த முதல் பஸ்ஸில் கொண்டுவந்தார். கதவில் வாய் வெட்டினோம். காற்றடித்து ஒரு ராத்திரி விட்டால் டயர் சற்றுப் பெருக்கும் என்பதால் மாலையில் காற்றடித்துவிட்டுப் போய், காலையில் சுண்ணாம்பு பூசி ஏற்றினோம். கட்டையில் அச்சு விழவில்லை. காற்றில் குலுங்கினால் சக்கரம் எகிறித் தட்டுமோ என்று, சக்கரம் மேலே இருக்கும்போது மெக்கானிக்கை இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டச் சொன்னேன். லேசாக அச்சு விழுந்தது, அரை நூல் அகலத்துக்கு. கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கட்டையை வைத்துச் சக்கரம் அதில் அழுந்தி நிற்கும்படி செய்தோம். அதன் பிறகு எவ்வளவு ஆட்டியும் அச்சு இல்லை. சுண்ணாம்பு தீர்ந்தது. பெண்களிடம் இன்னொரு டப்பா வாங்கினேன்.

அந்த நாட்களில் நான் அப்பாவை நினைக்கவில்லை. முயன்று நினைக்காமல் இருந்தேன் என்றில்லை. நினைப்பு வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலில் போய் நின்றபோதுகூட கொக்கியின் கீழ் வரிசைத் துளைக்கு எந்த போல்ட் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மலையேறும்போது வளைவுகளில் வாந்தி எடுத்திருந்தார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். எழுந்ததும் வேறு ஆளாகிவிட்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தரையில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தார்.

“யாராவது ஏத்துங்க.”

நான் உள்ளே ஏறி உட்கார்ந்து சுற்றினேன். கால்கள் மடிந்தன. கொக்கி விழும் சத்தம் கேட்டது, முதலில் இடது, பிறகு வலது. இறக்கினேன். ஏற்றினேன். பல தடவை. அவர் நிறுத்து என்று சொல்லும்வரை.

“சக்கரம் ஏன் வெளியே நிக்குது?”

முதலாளி வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இறங்கி வந்து சொன்னேன். டயருக்கு ரீட்ரேட் போட்டதையும் மறைக்கவில்லை. மெக்கானிக் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“லாரி பேட்டர்னா?” என்றார் இன்ஸ்பெக்டர், அடியிலிருந்தபடியே. “என் சர்வீஸ்ல இது புதுசு.”

அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டார். முதுகுக் கட்டையின் அடியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல்களால் தடவினார். மெதுவாக, திரும்பவும் ஒரு தடவை. வலது பக்கமும் அதே மாதிரி. முதலாளி அந்த நேரம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து கைகளைத் துடைத்தபடி இன்ஸ்பெக்டர் சொன்னார்: “மெக்கானிசம் சரியா இருக்கு. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த டயரோட தரையை விட்டுக் கெளம்பக் கூடாது. புது டயர் வந்து, கொக்கியை மேல் துளைக்கு மாத்தினதும் எனக்குத் தகவல் சொல்லுங்க. ரெண்டாவது வரிசைத் துளை யார் யோசனை?”

“இந்தப் புள்ளைதான்” என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழிக்கு இன்னொரு எலுமிச்சம்பழம் கேட்டார்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றே ரைட்டரைக் கூப்பிட்டு என்னை ரோலில் ஏற்றச் சொன்னார். ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

“என்ன வேலைன்னு போடறதுங்க? ரோல்ல பிட்டர்னு ஒரு வேலையே இல்லீங்களே. பறிப்பு இருக்குது, கவ்வாத்து இருக்குது, வாட்ச்மேன் இருக்குது.”

“பொது வேலைன்னு போடு” என்றார் முதலாளி. “ஸ்டோர்ல இருப்பா.”

“பொது வேலைன்னா காலைல களத்துல வந்து நிக்கோணுமுங்க. பேர் கூப்பிடறப்ப ஆள் இல்லீன்னா நான் ஆப்செண்ட் போடோணும். இல்லைன்னா மத்தவங்க கேப்பாங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஒரு நிமிஷ வேலை கண்ணு. நின்னுட்டு வந்துரு.”

“சரிங்க” என்றேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஊடு?”

“இருக்குதும்மா.”

அவள் உள்ளே போனாள். வந்தவர்கள் போனவர்களுக்காகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டாள். ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. நான் வாங்கிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

திங்கட்கிழமை காலை களத்துக்குப் போனேன். ஏழு மணிச் சங்கு ஊதவில்லை இன்னும். மூடுபனியில் ஆட்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தார்கள். பெண்கள் சாக்கைத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். நான் இஸ்திரி போட்ட தாவணியும், சேலத்தில் வாங்கிய கான்வாஸ் செருப்பும் போட்டிருந்தேன். இந்தக் களத்தில் நான் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். கேட்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவார். அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

சுண்ணாம்பு கொடுத்தவள் எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க டிப்ளமா, வழி தவறி வந்துட்டீங்களா?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

“வழி தவறலக்கா. ஊட்டுக்கு வாடகை குடுக்க வந்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு திரும்பாமலேயே, “ஓரமா நில்லு, செருப்பு சேறாகுது” என்றாள்.

நான் ஓரமாக நிற்கவில்லை. வரிசையிலேயே நின்றேன். ரைட்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். இருக்கறேனுங்க, இருக்கறேனுங்க என்று பனிக்குள்ளிருந்து குரல்கள் வந்தன. என் பேர் வந்ததும் ரைட்டர் ஒரு கணம் தயங்கினார், பிறகு மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

“இருக்கறேனுங்க” என்றேன்.

முகம் ஈரமாக இருந்தது. பனி என்றுதான் நினைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. முன்னால் நின்றவள் தன் தலையிலிருந்த சாக்கை எடுத்து என் தலைமேல் போட்டு, முகம் தெரியாமல் இழுத்துவிட்டாள். ரைட்டர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.